மரக் கோளம் முதல் மாயக் கோளம் வரை

பாடசாலை மேசையின்மேல் ஒரு பூகோள உருண்டை இருப்பதும், ஆசிரியர் அதனை விரலாற் சுழற்றிக் காட்ட மாணவர் வாய் பிளந்து பார்ப்பதும் நாம் எல்லோரும் அறிந்த காட்சி. எல்லோரும் என்று எழுதிவிட்டேன், அது சரியன்று. தோட்டப் பாடசாலைகளிற் படித்த நம் பெரியோர் பலருக்கு அந்த உருண்டை கிட்டியதில்லை. யான் படித்த பாடசாலையில் இருந்தது துணி ஒட்டிய ஒரு தேசப்படம் மட்டுமே. அதுவும் மடித்த இடமெல்லாம் கிழிந்து, மலைநாடு இருக்கவேண்டிய இடத்திற் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. "நம்ம ஊரு எங்கங்க ஐயா?" என்று ஒரு நாள் கேட்டேன். வாத்தியார் ஐயா பிரம்பின் நுனியை நுவரெலியாவுக்குச் சற்றுத் தெற்கே வைத்து, "இந்த நுனிக்குள்ள எங்கேயோ இருக்குதடா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் படத்தின் அளவுக்கு அக்கரப்பத்தனையும், அதனைச் சூழ்ந்த அத்தனை தோட்டங்களும், அவற்றில் வாழ்ந்த அத்தனை சனங்களும் ஒரு பிரம்பு நுனிதான்.

அண்மையில் ஒரு மாலை, எட்டு வயதுப் பேரன் ஒருவன் தன் தகப்பனாரின் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினான். திரையில் முழுப் பூமியும் கரிய வானத்தில் மிதந்தது. விரலை வைத்து விரித்தான். இலங்கை வந்தது, மலை வந்தது, தேயிலை நிரை வந்தது, தகரக் கூரைகள் வந்தன. "இந்தா பாருங்க தாத்தா, நம்ம லயம். அந்தா கோவிலு" என்றான். அறுபது ஆண்டுகளுக்கு முன் யான் கேட்ட கேள்விக்கு விடை அன்றுதான் கிடைத்தது.

இதனை மெய்நிகர் புவிக்கோளம் என்று புதிய நூல்கள் கூறும். கையாற் தொடமுடியாத கோளம் ஆதலின் யான் மாயக் கோளம் என்றே எழுதுகிறேன். பிற நாடுகளில் விஞ்ஞான வகுப்பில் இதனைக் கருவியாகக் கொண்டு கற்பிக்கும் வழக்கம் இருபது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. நம் மலையகப் பிள்ளைகளுக்கு இதனால் ஆவது என்ன என்று காண்பதற்கு முன், இது வந்த வழியைச் சற்று நோக்குவோம். அந்த வழி நெடுகிலும் ஒரு கேள்வி நிற்கிறது: பூமியின் படத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது?

வகுப்புக்கென ஒரு கோளம் செய்யும் முறை நம் பழைய வானநூல்களிலேயே இருக்கிறது. சூரிய சித்தாந்தம் என்னும் வடமொழி நூல், இன்று நமக்குக் கிடைக்கும் வடிவிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அதில் ஓர் அத்தியாயம், மாணாக்கனுக்கு விளங்கும்பொருட்டு ஆசிரியன் மரத்தாற் பூமியுருண்டை ஒன்று கடைந்து, அதன் நடுவே ஒரு தண்டைச் செருகி, இருபுறமும் அத்தண்டு வெளியே நீளுமாறு விட்டு, சுற்றிலும் வளையங்களைக் கட்டி வானகோளத்தையும் அமைக்கவேண்டும் என்று விதிக்கிறது. கண்ணாற் கண்டாலன்றிப் பிள்ளைக்கு இது புரியாது என்பதை அந்நூலார் அறிந்திருந்தார். ஆரியபடர் 499ஆம் ஆண்டளவில் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதினார். ஓடத்தில் போவோனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னே ஓடுவதுபோல் தோன்றும் என்று அதற்கு உவமையும் சொன்னார்.

ஆனால் அதே சூரிய சித்தாந்தம், அந்தக் கோளம் தானாகச் சுழலும்படி செய்யும் உபாயத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. இதனை வெளிப்படையாகச் சொன்னால் உலகில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆகவே குருவின் வாய்வழியே அறிந்துகொள்க என்பது அதன் கருத்து. நம் முன்னோரின் அறிவைப் போற்றும் நாம் இதனையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

மேல்நாட்டில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பூகோள உருண்டை ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரில் 1492இல் மார்ட்டின் பெஹைம் என்பார் செய்வித்தது. கொலம்பஸ் திரும்பி வருவதற்கு முன் செய்யப்பட்டமையால் அதில் அமெரிக்கா இல்லை. இருப்பதாக எண்ணியதை வரைந்தார்கள், இல்லாததை விட்டார்கள். எல்லாத் தேசப்படத்துக்கும் இந்தக் குறை உண்டு என்பதை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

நம் ஈழநாட்டில் வானசாத்திரம் வகுப்பறையை விட்டு ஊருக்குள் இறங்கிய ஒரு நாள் உண்டு. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் தொடங்கிய செமினரியில் தானியேல் பூவர் அதிபராயிருந்தார். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க ஆசிரியர் விசுவநாத சாத்திரியார் 1829 மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணத்துக்குக் கணித்திருந்த கணக்கிற் பிழை உண்டென்று பூவர் கூறினார். இருவர் கணக்கையும் ஊர் அறியும். அன்று இரவு ஊர் வானத்தைப் பார்த்தது. பூவர் கணக்கே பொருந்தியது. அதற்குப் பின்னே சமயப் போட்டி இருந்தது என்பதை யாவரும் அறிவர். அதனை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. யான் கருதுவது வேறொன்று. யார் சொன்னது என்று பாராமல், முற்றத்தில் நின்று மேலே பார்த்து வழக்கைத் தீர்த்த அந்த இரவே நம்மவர்க்கு வாய்த்த நல்ல விஞ்ஞான பாடம். சிலகாலத்தின் பின், 1848இல், அதே செமினரியைச் சேர்ந்த ஹொய்சிங்டன் நம் சோதிட நூலொன்றை மொழிபெயர்த்து விளக்கக் குறிப்புகளோடு அச்சிட்டார். தோற்றதாகச் சொல்லப்பட்ட சாத்திரத்தைக் கற்றுப் பதிப்பிக்கும் மதிப்பு அவருக்கு இருந்தது.

நிற்க. வானம் எல்லோருக்கும் பொது. நிலம் அப்படியன்று. நிலத்தை அளந்தவன் அதனை ஆளவந்தவன். 1802இல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி சென்னைப் பரங்கிமலையருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கிலும் வடக்கிலும் பாரதம் முழுவதும் அளக்கப்பட்டது. 1808இல் அரை தொன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டுக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோயிற் சுவரில் மோதி நசுங்கிவிட்டது. அவர் கூடாரத்தை அடைத்துக்கொண்டு, வளைந்த வட்டத்தைத் தாமே வாரக்கணக்காகத் தட்டி நிமிர்த்தினார் என்பர். இராசராசன் எழுப்பிய விமானம், வந்தவன் நாட்டை அளக்க ஏணியாயிற்று.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இலேயே நிறுவப்பட்டது. நம் தலைக்குமேல் நிற்கும் பீதுருதாலகால மலை, 2,524 மீற்றர் உயரமுடையது, இந்நாட்டுத் தேசப்படங்களின் ஆயங்களுக்கு ஆதாரப் புள்ளி. மன்னாரிலுள்ள ஒரு கிணற்றையோ மாத்தறையிலுள்ள ஒரு வீதியையோ தேசப்படத்திற் குறிப்பவன் நம் மலையிலிருந்தே எண்ணத் தொடங்குகிறான். இந்தப் பெருமையை நம் பிள்ளைகளுக்கு எவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

காடு வெட்டிக் கோப்பி நட்டபோதும், அக்கோப்பி 1869இற் கண்ட இலைநோயால் அழிந்து தேயிலை வந்தபோதும், அளவுக்காரர் இம்மலைகளிற் கால்வைக்காத சரிவு இல்லை. ஆனால் தோட்டத்தின் படம் துரையின் கந்தோரில் இருந்தது. அதில் மலை இலக்கம் இருக்கும், ஸ்டோர் இருக்கும், பங்களா இருக்கும். லயம் ஒரு சிறு கோடாக இருக்கும். அந்தக் கோட்டுக்குள் இருந்தவனுக்கு அதனைக் காணும் உரிமை இல்லை. பல தோட்டங்களில் லயக் காம்பராவுக்குத் தனி விலாசமும் இல்லை. கடிதம் கந்தோருக்கு வந்து அங்கிருந்தே கைமாறும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் துரைமார்மேல் வைத்தது. எழுத்தும் கணக்கும் ஓரளவு வந்தன. தேசப்படம் வரவில்லை. 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே அதற்கும் வழி பிறந்தது.

இனி வானத்திலிருந்து பூமியைப் பார்த்த கதை. அதுவும் மறைவிலேயே தொடங்கிற்று. 1960 முதல் 1972 வரை அமெரிக்கர் 'கொரோனா' என்னும் ஒற்றுச் செய்மதிகளைச் செலுத்திப் பிற நாடுகளைப் படம் பிடித்தனர். எடுத்த படச்சுருளை ஒரு கூட்டில் வைத்துப் பரசூட்டு மூலம் கீழே விடுவார்கள். விமானம் ஒன்று நடுவானில் அதனைக் கொளுவிப் பிடிக்கும். அப்படங்கள் 1995 வரை இரகசியம். 1972 சூலையில் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சற்று செய்மதியே பயிர், காடு, நீர் ஆகியவற்றை அறியும் பொருட்டுப் பூமியைத் தொடர்ந்து படம் பிடிக்கத் தொடங்கியது. 2008இல் அந்த வரிசையின் படங்கள் யாவருக்கும் இலவசமாயின.

1998 சனவரியில் அமெரிக்க உபசனாதிபதியாயிருந்த அல் கோர் ஒரு சொற்பொழிவில் ஒரு சிறுமியைக் கற்பனை செய்தார். அவள் நூதனசாலைக்குச் சென்று தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொள்கிறாள். முழுப் பூமியும் தெரிகிறது. கையை நீட்ட, கண்டமும் நாடும் நகரமும் மரமும் நெருங்கி வருகின்றன. கேட்டவர்களுக்கு அது கதை. மூன்றே ஆண்டுகளில், 2001இல், கலிபோர்னியாவில் கீஹோல் என்றொரு கொம்பனி தோன்றிற்று. ஒற்றுச் செய்மதிகளின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட அக்கொம்பனியில் அமெரிக்க உளவுத்துறையின் முதலீட்டு நிறுவனமும் 2003இற் பணம் போட்டது. அவ்வாண்டு ஈராக் யுத்தத்தின்போது தொலைக்காட்சியில் நகரங்களின்மீது பறந்து காட்டிய படங்கள் அக்கொம்பனியின் கோளத்திலிருந்து வந்தவை. 2004 ஒக்ரோபரில் கூகிள் அதனை வாங்கி, 2005 யூனில் 'கூகிள் எர்த்' என்று பெயரிட்டு எவரும் காசின்றிப் பயன்படுத்தலாம் என விட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவும் 2004இலேயே 'வேர்ல்ட் விண்ட்' என்றொரு கோளத்தை வெளியிட்டிருந்தது.

அப்போது கவலை கொண்டவர்களும் உளர். பாரதத்தின் சனாதிபதியாயிருந்த நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் 2005 ஒக்ரோபரில் பொலீஸ் அதிகாரிகளிடம் பேசியபோது, இத்தகைய படங்கள் பயங்கரவாதிகள் கையில் ஆபத்தாகும் என்று எச்சரித்தார். செய்மதி ஏவிய விஞ்ஞானி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் காலம் மற்றத் திசையிலேயே ஓடிற்று. 2009 ஆகஸ்டில் பாரத விண்வெளி ஆய்வு நிறுவனமே 'புவன்' என்ற தன் சொந்தக் கோளத்தை வெளியிட்டது.

இக்கோளம் எப்படி இயங்குகிறது என்பதையும் சுருக்கமாய்ச் சொல்லவேண்டும். அறியாமற் பயன்படுத்துபவன் ஏமாறுவான். பூமி முழுவதின் படமும் சின்னஞ்சிறு சதுரங்களாக வெட்டப்பட்டு, தூரப்பார்வைக்கு ஒரு அடுக்கு, கிட்டப்பார்வைக்கு ஒரு அடுக்கு எனப் பல அடுக்காகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. நாம் பார்க்கும் இடத்துக்கு வேண்டிய சதுரங்கள் மட்டும் தந்திவழியாகவோ காற்றுவழியாகவோ வந்து சேரும். தட்டைப் படத்தை மலையாக எழுப்புவதற்கு உயர அளவு வேண்டும். அதற்குப் பெரிதும் உதவியது 2000 பெப்ரவரியில் 'என்டெவர்' விண்ணோடம் பதினொரு நாள் ராடார் கொண்டு செய்த அளவை. நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு அதில் அடங்கும். லாம்டன் பரம்பரையினர் எழுபது ஆண்டு தூக்கிச் சுமந்ததைப் பதினொரு நாள்!

ஆனால் அந்த ராடார் ஏறக்குறைய முப்பது மீற்றருக்கு ஓர் உயரம் வீதமே தரும். காட்டில் அது மண்ணைத் தொடாமல் மரத்தலையைத் தொட்டுத் திரும்பும். லயத்துக்குப் பின்னே செங்குத்தாக வெட்டிய மண்மேடு, பத்தடி இருபதடி உயரமுள்ளது, அதில் தெரியவே தெரியாது. கோளம் அதனைச் சாய்வான சரிவாகத் தேய்த்துக் காட்டும். பெஹைமின் உருண்டையில் அமெரிக்கா இல்லாததுபோல இதிலும் இல்லாதன உள. அன்றியும் இப்படங்கள் இந்த நிமிடத்துப் படங்கள் அல்ல. மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ முந்தியவை. நம் மலையில் மூடுபனியும் முகிலும் அதிகமாதலால், தெளிந்த நாளுக்காகச் செய்மதி காத்திருக்க வேண்டும். "இதோ இப்போது கூரையில் யாரும் நிற்கவில்லை" என்று சொன்ன ஒரு பையனை யானே திருத்தவேண்டியிருந்தது.

இத்தனை குறையும் சேர்ந்தே இதனை நல்ல பாடமாக்குகின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் நம் அக்கரா ஓயாவைக் கோளத்தில் ஒரு வகுப்பு பின்தொடரட்டும். அது கொத்மலை ஓயாவின் தலையாறுகளில் ஒன்று. தலவாக்கலையில் 2012இல் தொடங்கிய மேல் கொத்மலை அணைக்கட்டு வரும். அங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள்: நீரில் ஒரு பங்கு காணாமற் போகும்! அது ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீற்றர் சுரங்கத்துள் மலைக்கு அடியால் மின்நிலையத்துக்குப் போகிறது. கோளத்துக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும். பின் கொத்மலை நீர்த்தேக்கம், அதன்பின் மகாவலி கங்கை. பொல்கொல்லையில் மறுபடியும் ஒரு பங்கு சுரங்கம் வழியாக வடக்கே பிரிகிறது. எஞ்சியது விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை கடந்து, திருக்கோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலிற் சேர்கிறது. நம் பீலியடியிற் குளித்த நீர் கோணேசர் மலையைப் பார்த்த கடலுக்குப் போகிறதென்று சொன்னால் பிள்ளை மறக்குமா? வழியில் ஒவ்வோரிடத்தும் உயரத்தைக் குறித்து, தூரத்தாற் பிரித்தால் சரிவு கிடைக்கும். சரிவிலிருந்து நீரின் விசை, மின்சாரம், மண்ணரிப்பு என்று பாடம் தானே நீளும்.

மற்றொரு பாடம் பெரியோரோடு சேர்ந்து செய்யவேண்டியது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று தாத்தா பாட்டி சொல்லும் ஊர்ப்பெயரைத் தேடி, அங்கிருந்து மண்டபம், தலைமன்னார், மாத்தளை வழியாக இங்கு வந்த தூரத்தை அளப்பது. 1986இல் ஐந்து வயதில் இரயிலில் வழிதவறிக் கல்கத்தா சேர்ந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த சாரு பிரையர்லி, சிறுவயதில் நினைவிருந்த நீர்த்தொட்டியையும் பாலத்தையும் கொண்டு இக்கோளத்திலேயே தேடி, 2011இல் மத்தியப் பிரதேசத்துக் கண்டுவா ஊரைக் கண்டுபிடித்தது உலகறிந்த செய்தி. நம்மவர் தேடுவது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வழி. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கடல்கடந்து நீலகிரிக்குப் போன உறவினரின் கூடலூர், கோத்தகிரிச் சரிவுகளையும் அருகே வைத்துப் பார்க்கலாம். தேயிலை நிரை இரண்டிடத்தும் ஒன்றுபோலவே தெரியும்.

இனிச் சொல்வது எழுதுவதற்கே கை நடுங்கும் விடயம். 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் திரும்பி வந்தபோது வீடு இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்சரிவு அபாயத்தைத் தேசப்படமாக்கும் வேலை பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் 1990இலேயே தொடங்கியது. அதாவது படம் இருந்தது. எச்சரிக்கை இருந்தது. அந்த மலையடியில் துயின்றவன் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் எழும்பிப் போக அவனுக்கு வேறு காணி இல்லை. இரண்டாவது குறை கல்வியால் மட்டும் தீராது. முதலாவது தீரும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களிற் சரிவுகள் விழுந்து உயிர்கள் போனபின் இதனை இன்னும் தள்ளிப்போட நியாயம் எனக்குத் தெரியவில்லை.

மாயக் கோளத்தில் 2009 முதல் ஒரு காலப்பட்டை உண்டு. அதனைப் பின்னே தள்ளினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். 2014க்கு முந்திய மீரியபெத்தையையும் பிந்திய மீரியபெத்தையையும் தேடி அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வகுப்பு, மண்சரிவு என்னும் சொல்லைப் புத்தகத்திற் படித்த வகுப்பைப்போல் இராது. அதன்பின் தங்கள் சொந்தத் தோட்டத்தைத் திறந்து, லயத்துக்கு மேலே எந்த இடத்திற் காடு தேயிலையாயிற்று, எந்த இடத்தில் மரக்கறித் தோட்டம் வெட்டப்பட்டது, பழைய ஓடை எங்கே மறிக்கப்பட்டது என்று குறிக்கலாம். அபாயத் தேசப்படத்தை அதனோடு ஒப்பிடலாம்.

கோளத்துக்குத் தெரியாதவற்றைப் பிள்ளைகள் நடந்துபோய்ப் பார்க்கவேண்டும்: நிலத்தில் வாய்விட்ட வெடிப்பு, ஒருபக்கம் சாய்ந்த மரமும் தந்திக்கம்பமும், புதிதாய்க் கசியும் ஊற்று, தெளிந்திருந்து திடீரெனச் சேறாகும் பீலித்தண்ணீர், இறுகிப்போய்த் திறவாத கதவு. இவற்றை நன்கறிந்தவர்கள் தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்த நம் அம்மாமாரும், முள்ளுக்குத்தி வடிகான் வெட்டிய ஐயாமாருமே. எந்த ஆண்டு எந்த மலையில் மண் நகர்ந்தது என்பது அவர்கள் வாயில் இருக்கிறது. எந்தக் கந்தோரிலும் இல்லை. கோளத்தில் அந்தந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிச் சேர்க்கும் வசதி இருக்கிறது. தோட்டத்தார் வழங்கும் மலைப் பெயர், ஓடைப் பெயர், லயத்தின் பெயர் யாவற்றையும் அவ்வாறே தமிழில் எழுதலாம்.

கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர் நம் சங்கத்தில் அநேகர். சமிக்ஞை கிடைக்கும் மேட்டை அவர்கள் நன்கறிவர். 2020இற் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது தம்பி தங்கையரை அங்கேதான் கூட்டிப் போனார்கள். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி, எதிர்மலையைப் பார்த்தபடி முதற் புள்ளியை வைக்கலாம்.